எங்கே தேடுவது என்று கால் நகம் சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் புதிய பூச்சியினங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படிப்பட்ட செய்திகளுக்கு இடம் ஒதுக்குவதே பெரிய விஷயம், அதற்கு நன்றி. ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தி என்னை இந்தக் கடிதம் எழுத வைத்துவிட்டது. ஒரு பூச்சி புதியது என்று தெரிந்துவிட்டால் முக்கியமான வேலை முடிந்தது, அது எந்தப் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) சேரும், எந்தத் துணைக்குடும்பத்துக்கு (ஒரு குடும்பத்துக்குள் பல பேரினங்கள் சேர்ந்த கூட்டத்துக்கு) போகும் என்பதெல்லாம் நிபுணர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஏட்டுக்கணக்கு என்ற பொருளில் அந்தப் பத்தி இருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பூச்சி எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் அது எங்கே வாழும், எதைத் தின்னும் என்று தேடுவதற்கு ஒரு திசையே கிடைக்கிறது. அதிகம் பேர் கேள்விப்பட்டிராத ஒரு பேரினத்தை வைத்து இதைச் சொல்லப் பார்க்கிறேன்.

நான் பூச்சியியலாளர் இல்லை. பூச்சியியலாளர்களின் ஆய்வுக் கட்டுரைகளுக்குக் கோட்டுப்படம் வரைவது என் தொழிலாக இருந்தது. என் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை மிரிட் நாவாய்ப்பூச்சிகள். ஊசிபோன்ற வாயால் உறிஞ்சிக் குடிக்கும் நாவாய்ப்பூச்சி வகைகளிலேயே மிகப் பெரிய குடும்பம் இதுதான். 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்கு இதுவரை பெயர் வைத்திருக்கிறார்கள். அநேகமாக எல்லாமே சிறியவை, உடல் மெத்தென்றிருக்கும், தொட்டால் கால் கழன்றுவிடும். முன்னிறகின் அடிப்பகுதி தோல்போலத் தடித்தும் நுனிப்பகுதி மெல்லிய சவ்வாகவும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் விளிம்போரமாக ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டு தனியாகத் தெரியும். அதைப் பார்த்ததும் மிரிட் என்று சொல்லிவிடலாம். அதற்கு மேல் எதையும் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது.

நான் சொல்ல வந்த பேரினத்தின் பெயர் சல்லோப்ஸ்.

1936-இல் ராபர்ட் உசிங்கர், ஓட்டோ ஸ்வீசி என்ற பூச்சியியலாளர்கள் பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவில் பூச்சிகளைத் திரட்டினார்கள். அந்தத் திரட்டலிலிருந்து உசிங்கர் எழுதிய விவரிப்பு 1946-இல், போர் முடிந்த பிறகு, வெளியானது. அதில்தான் சல்லோப்ஸ் என்ற பேரினமும் அதன் முதல் இனமான சல்லோப்ஸ் ஓக்குலேட்டஸும் முதன்முதலாக அச்சில் வந்தன. (மூட்டைப்பூச்சிக் குடும்பத்தைப் பற்றி 1966-இல் பெருநூல் எழுதிய அதே உசிங்கர்தான் இவர். மூட்டைப்பூச்சியும் மிரிட்டும் உறவுக் குடும்பங்கள் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.) சில மில்லிமீட்டர் நீளமே உள்ள பூச்சி. தலையைப் பக்கவாட்டில் பார்த்தால் கண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லையோ என்று தோன்றும், அவ்வளவு பெரிய கண்கள். உடல் தோற்றத்தில் ஃபைலினே என்ற துணைக்குடும்பத்துப் பூச்சிகளைப் போலவே இருக்கும். ஃபைலினே பெரிய கூட்டம். அதில் பல இனங்களைப் பூங்கொத்துகளிலும் இளந்தளிர்களிலும் தட்டி எடுக்கலாம். சாறு குடிக்கும், மகரந்தமும் தின்னும்.

தோற்றத்தை நம்பினால் சல்லோப்ஸைத் தேடி நாம் பூக்களைத்தான் தட்டிக்கொண்டிருப்போம்.

1976-இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ராண்டல் ஷூஹ், மிரிட் பூச்சிகளின் பாத நுனியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். பாத நுனி என்றால் கடைசிக் கணுவில் இருக்கும் இரண்டு நகங்களும், அவற்றுக்கு நடுவிலும் அடியிலும் இருக்கும் சின்னஞ்சிறு உறுப்புகளும்தான். சாதாரண நுண்ணோக்கியில் ஒரு மங்கலான முடிச்சாகத் தெரியும் இடம் அது. அதை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் வேறு உலகம். மிரினே துணைக்குடும்பத்தில் நகங்களுக்கு நடுவே சதைப்பற்றுள்ள இரண்டு மடல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும். ஆர்த்தோடைலினேயிலும் சதைப்பற்றான மடல்கள்தான். ஆனால் அவற்றின் நுனிகள் ஒன்றை நோக்கி ஒன்று வளையும். ஃபைலினேயில் அந்த இடத்தில் மடல் இல்லை, வெறும் மயிரிழைகள். அதற்குப் பதிலாக நகத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்ட மெத்தை போன்ற ஒரு பட்டை இருக்கும். நிறமும் உருவமும் எப்படி மாறினாலும் இந்த அமைப்பு பெரும்பாலும் கூட்டத்துக்குக் கூட்டம் மாறாமல் நிற்கிறது. அதனால்தான் வகைப்பாட்டில் அதற்கு இவ்வளவு மதிப்பு.

சல்லோப்ஸின் நகத்தை அப்படிப் பார்த்தபோது, நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு பல் இருந்தது. நடுவில் மயிரிழைகள். இந்தச் சேர்க்கை வேறு இரண்டு கூட்டங்களின் நகத்தோடு ஒத்துப்போகிறது: ஐசோமெட்டோப்பினே, சைலாப்பினே. ஆனால் அந்த இரண்டிலும் சல்லோப்ஸை நேராகக் கொண்டுபோய் வைத்துவிட முடியவில்லை. ஷூஹ் அதற்கென்று சல்லோப்பினே என்ற தனித் துணைக்குடும்பத்தையே ஏற்படுத்தினார். யாருக்கும் தெரியாத ஒரு சின்னப் பேரினம், மிரினே, ஃபைலினே போன்ற ஆயிரக்கணக்கான இனங்கள் கொண்ட கூட்டங்களுக்குச் சமமான இடத்துக்கு வந்தது. எனக்கு இது ஏட்டுக்கணக்காகத் தெரியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஐசோமெட்டோப்பினே பூச்சிகள் மரப்பட்டையில் வாழ்பவை. பட்டையோடு ஒட்டியிருக்கும் செதில்பூச்சிகளை வேட்டையாடுபவை. தொட்டால் துள்ளிக் குதிப்பவை. சைலாப்பினே பூச்சிகளைத் தேட வேண்டிய இடம் பட்டுப்போன கட்டைகளும் அவற்றின்மேல் முளைத்த காளான்களும். ஃபைலினே என்றால் பூவும் தளிரும். ஆக, ஒரே பூச்சிக்கு மூன்று இடங்களைச் சந்தேகிக்கலாம்: பூ, காளான், பட்டை. சல்லோப்ஸ் யாருக்கு நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தால் எந்தக் கிளையைத் தட்டுவது, எந்தக் கட்டையைப் புரட்டுவது என்று தெரியும். பல் இருக்கும் அந்த நகம், பூக்களை விட்டுவிட்டுப் பட்டையையும் கட்டையையும் பாருங்கள் என்று நமக்குச் சொல்லியிருக்கிறது. களத்துக்குப் போகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி என்ன இருக்க முடியும்?

ஐசோமெட்டோப்பினே கதையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1860-இல் ஃபீபர் என்ற பூச்சியியலாளர் அதைத் தனிக் குடும்பமாகவே வைத்தார். காரணம் எளிமையானது. பெரிய கூட்டுக் கண்களைத் தவிர, தலையில் இரண்டு சிறு தனிக்கண்களும் அவற்றுக்கு உண்டு. மற்ற மிரிட்டுகளுக்கு அந்தத் தனிக்கண்கள் கிடையாது. ஒரு நூற்றாண்டு அளவுக்கு அந்த இரண்டு புள்ளிகள் சுவராக நின்றன. 1958-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஜாக் கராயோன் அவற்றின் உடலமைப்பை ஆராய்ந்து, இவை மிரிட்டுகளே, துணைக்குடும்பமாக உள்ளே வர வேண்டியவை என்று காட்டினார். தனிக்கண் என்பது மூதாதையிடமிருந்து வந்த பழைய சொத்து. ஒரு கிளை அதை வைத்துக்கொண்டது, மற்றவை இழந்துவிட்டன. பழைய சொத்தை வைத்திருப்பதால் மட்டும் ஒருவர் வேறு குடும்பம் ஆகிவிட மாட்டார். எது பழையது, எது புதிதாகத் தோன்றியது என்று பிரித்துப் பார்க்கிற இந்த இடம்தான் வகைப்பாட்டின் உயிர். அந்த நகப் பல்லுக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். மூன்று கூட்டங்களும் அதைப் பழைய மூதாதையிடமிருந்து வாங்கி அப்படியே வைத்திருந்தால், அது அவற்றுக்குள் தனி நெருக்கம் இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. உறவுக்குச் சான்று புதிதாகத் தோன்றிப் பகிர்ந்துகொள்ளப்பட்ட அடையாளங்கள்தான்.

அதனால்தான் சல்லோப்ஸின் இடம் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. ஐசோமெட்டோப்பினேக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். சைலாப்பினே பக்கம் சாய்பவர்களும் இருக்கிறார்கள். பால்டிக் பகுதி அம்பரில், அதாவது மூன்று கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மரப்பிசினில், சிக்கிய பூச்சிகள் இந்த வாதத்துக்குள் வந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1992-இல் ஹெர்செக்கும் போப்போவும் அப்படிக் கிடைத்த ஒன்றுக்கு ஐசோமெட்டோசல்லோப்ஸ் ஷூஹி என்று பெயர் வைத்தார்கள். இரண்டு கூட்டங்களின் பெயரும் அதில் இருக்கிறது, அந்தத் துணைக்குடும்பத்தை ஏற்படுத்தியவரின் பெயரும் இருக்கிறது. உயிரோடு இருப்பவற்றை மட்டும் பார்த்தால் தனித்தனியாகத் தெரியும் கூட்டங்கள், பழங்காலத்துக்குப் போகப் போக ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன.

இப்போது என் முக்கியமான ஆதங்கத்துக்கு வருகிறேன். குவாமுக்குப் பிறகு மைக்ரோனேசியாவின் வேறு தீவுகளிலிருந்தும், ஆப்பிரிக்காவிலிருந்தும், ஆசியாவிலிருந்தும் சல்லோப்ஸ் இனங்கள் விவரிக்கப்பட்டன. ஜப்பானில் இந்தத் துணைக்குடும்பம் இருப்பது 1999-இல்தான் பதிவானது. ஒரே கட்டுரையில் மூன்று புதிய இனங்கள். ஆனால் இத்தனை இனங்களில் பெரும்பாலானவை இரவு விளக்கு வெளிச்சத்துக்கு வந்து பிடிபட்டவை. விளக்குக்கு வந்த பூச்சியின் சீட்டில் இடம் இருக்கும், தேதி இருக்கும், பிடித்தவர் பெயர் இருக்கும். அது எந்த மரத்திலிருந்து பறந்து வந்தது என்பது இருக்காது. குஞ்சுப்பருவப் பூச்சிக்கு இறகு வளர்ந்திருக்காது. அது விளக்குக்கு வராது. அதனால் அது எப்படி வளர்கிறது, எதைத் தின்கிறது என்பதை விளக்கடியில் நின்று யாரும் பார்க்க முடியாது. மிரிட் குடும்பத்தில் பல இனங்கள் ஒரே ஒரு செடிப் பேரினத்தை மட்டும் நம்பி வாழ்பவை. செடியின் பெயர் சீட்டில் இருந்தால் அதுவே அடையாளம் காண்பதற்குப் பாதி உதவி. செடியின் பெயர் இல்லாத சீட்டை நான் எத்தனையோ முறை படத்தின் அடிக்குறிப்புக்காகப் பார்த்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கனத்துப் போகும். பிடித்தவர் அந்த இடத்தில் நின்றிருக்கிறார். ஒரே ஒரு வார்த்தை கூடுதலாக எழுதியிருந்தால் போதும்.

படம் வரைகிறவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பத்தியை எழுதியவருக்கு இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மிரிட்டுகளில் ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்க நிறம் பெரும்பாலும் உதவாது. ஒரே இனத்தில் வெளிறியதும் கறுத்ததும் இருக்கும். ஊசியில் குத்தி ஆண்டுக்கணக்கில் வைத்தால் பச்சை நிறம் மஞ்சளாகிவிடும். கடைசியில் நம்ப வேண்டியது ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பைத்தான். வயிற்றுப் பகுதியை மட்டும் கழற்றி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இளஞ்சூட்டில் ஊறவைத்தால் தசையெல்லாம் கரைந்து கெட்டியான பகுதிகள் மட்டும் மிஞ்சும். அதைக் கழுவி, ஒரு சொட்டு கிளிசரினில் வைத்து, மெல்லிய ஊசியால் பிரிக்க வேண்டும். வயிற்றின் நுனியில் கிண்ணம் போன்ற ஓர் உறை. அதன் இரு பக்கமும் இரண்டு பற்றுக்கொக்கிகள். மற்ற எத்தனையோ பூச்சிகளில் இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பம்போல ஒன்றாக இருக்கும். மிரிட்டுகளில் அப்படி இல்லை. இடது கொக்கி ஒரு வடிவம், வலது கொக்கி முற்றிலும் வேறு வடிவம். உள்ளே இருக்கும் குழலில் முள்ளும் முறுக்கும் இனத்துக்கு இனம் வேறுபடும்.

அதை வரைவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. நுண்ணோக்கியோடு இணைந்த, கண்ணாடி பொருத்திய குழாய் வழியாகப் பார்த்தால் பூச்சியின் உருவம் தாளின்மேல் விழுந்ததுபோலத் தெரியும். பென்சிலால் அதன் ஓரத்தைப் பிடிக்க வேண்டும். கிளிசரினில் கிடக்கும் கொக்கி ஒரு மயிரிழை திரும்பினாலும் அதன் உருவமே மாறிவிடும். ஒரு கோணத்தில் வளைந்த விரல்போலத் தெரிவது, சற்றுத் திருப்பினால் அகன்ற தகடாகத் தெரியும். இரண்டு ஆய்வாளர்கள் இரண்டு கோணத்தில் வரைந்தால் ஒரே பூச்சிக்கு இரண்டு இனப்பெயர் வந்துவிடும். அப்படி வந்து, பிறகு ஒன்றாகச் சேர்க்கப்பட்ட பெயர்கள் இந்தக் குடும்பத்தில் உண்டு. அதனால் பழைய கட்டுரையின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே கோணம் கிடைக்கும்வரை திருப்பிக்கொண்டே இருப்பேன். பென்சில் கோடு சரியான பிறகுதான் மை. நிழலுக்கு வெறும் புள்ளிகள். வடிவத்தில் இல்லாத அழகை ஒரு புள்ளியால்கூடச் சேர்க்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முதல் பாடம், அதை நான் விட்டதில்லை.

பெண் பூச்சிகளின் நிலைமை இதைவிட மோசம். பல இனங்களில் ஆணும் பெண்ணும் உருவத்திலேயே வேறுபடும். ஒன்றுக்கு இறகு நீளம், மற்றதற்குக் குட்டை. ஒரே செடியில் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தால் ஜோடி தெரியும். தனியாக வந்த பெண்ணை எந்த ஆணோடு சேர்ப்பது? அப்படிச் சேர்க்க முடியாத பெண் பூச்சிகள் பெட்டிகளில் பேரினப் பெயர் மட்டும் ஒட்டப்பட்டுக் காத்துக்கிடக்கின்றன.

மரபணு ஆய்வு வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். மரபணு ஆய்வு பெரிய வரப்பிரசாதம்தான், நான் மறுக்கவில்லை. 658 எழுத்துகள் நீளமுள்ள ஒரு மரபணுத் துண்டை வைத்து, ஒரு பெண் பூச்சி எந்த ஆணின் இனம் என்று சொல்லிவிடலாம். ஒரு குஞ்சு எந்தப் பூச்சியின் குஞ்சு என்றும் சொல்லலாம். ஆனால் துணைக்குடும்பங்கள் பிரிந்த பழங்காலத்தைப் பற்றிச் சொல்ல அந்த ஒரு துண்டு போதாது, நிறைய மரபணுக்கள் வேண்டும். அதற்குப் புதிதாகப் பிடித்து நல்ல ஆல்கஹாலில் வைத்த பூச்சி வேண்டும். சல்லோப்ஸ் போன்ற அரிய பேரினத்துக்கு அது எங்கே கிடைக்கும்? மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம்: அது எங்கே வாழ்கிறது என்று தெரிய வேண்டும்.

வகைப்பாடு சரியாக இல்லாவிட்டால் சாதாரண மக்களுக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நெல்வயலில் புகையானின் முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியை விவசாயிகள் அறிவார்கள். அதன் பேரினம் சிர்ட்டோரைனஸ். 1920-இல் ஹவாயில் கரும்பைச் சூறையாடிய தத்துப்பூச்சியை ஒழிக்க, ஃபிரெடரிக் மியூர் என்ற பூச்சியியலாளர் ஆஸ்திரேலியா, ஃபிஜி பக்கமிருந்து ஒரு மிரிட்டைக் கொண்டுவந்து விட்டார். அதுவும் இலைக்குள் இடப்பட்ட முட்டைகளைத் துளைத்து உறிஞ்சியது, கரும்பு பிழைத்தது. உயிரியல் முறையில் பூச்சிக் கட்டுப்பாடு என்றால் இன்றும் சொல்லப்படும் வெற்றிகளில் அது ஒன்று. அந்தப் பூச்சியையும் அப்போது சிர்ட்டோரைனஸ் என்றுதான் எழுதினார்கள். பின்னால் அது டிட்தஸ் என்ற வேறு பேரினத்துக்கு மாறியது. பேரினம் மட்டும் மாறவில்லை. சிர்ட்டோரைனஸ் இருப்பது ஆர்த்தோடைலினேயில், டிட்தஸ் இருப்பது ஃபைலினேயில். பார்க்க ஒரே மாதிரி, தின்பதும் ஒரே மாதிரி, உறவோ தூரத்து உறவு. முட்டை தின்னும் பழக்கம் இரண்டு கிளைகளில் வரலாம் என்பது இப்படித்தான் தெரிந்தது. அடுத்த நல்ல பூச்சியைத் தேடுகிறவர் இரண்டு கிளைகளிலும் தேடலாம்.

ஹெலோபெல்டிஸ் பேரினத்தில் நடந்தது இன்னும் தெளிவு. முதுகில் குண்டூசிபோல ஒரு முள் நிமிர்ந்து நிற்கும், தேயிலைக் கொசு என்று சொல்வார்களே, அதன் பேரினம். 1858-இல் சிஞ்ஞோரே பெயர் வைத்த அன்டோனி என்ற இனமும், 1886-இல் வாட்டர்ஹவுஸ் பெயர் வைத்த பிராடி என்ற இனமும் நெடுங்காலம் ஒன்றோடு ஒன்று குழம்பிக் கிடந்தன. 1991-இல் ஸ்டோன்டால் என்ற ஆய்வாளர் மூல மாதிரிகளை, அதாவது பெயர் வைத்தபோது கையில் இருந்த பூச்சிகளை, திரும்பப் பார்த்துப் பிரித்துக் காட்டிய பிறகுதான், தென்கிழக்கு ஆசியாவின் கொக்கோ, தேயிலை பற்றிய பழைய கட்டுரைகளில் அன்டோனி என்று எழுதப்பட்டவை பிராடி என்று புரிந்தது. ஓர் ஊரில் ஓர் இனத்தின்மேல் நடத்திய சோதனையை இன்னோர் ஊரில் வேறு இனத்துக்குப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள் என்றால் அதில் எவ்வளவு உழைப்பு திசைமாறிப் போயிருக்கும்! தக்காளியில் பூச்சிகளைத் தின்றுகொண்டே செடியையும் குத்தும் நெசிடியோகோரிஸ் டெனுயிஸ் பற்றிப் படிக்க விரும்புகிறவர் எங்கிட்டேட்டஸ், சிர்ட்டோபெல்டிஸ் என்ற வேறு இரண்டு பேரினப் பெயர்களின் கீழும் தேட வேண்டும். இல்லாவிட்டால் பாதி அறிவு கண்ணில் படாமலே போகும்.

இத்தனை திருத்தங்களும் எப்படிச் சாத்தியமாயின என்றால், மூல மாதிரிகள் எங்கோ ஓர் பெட்டியில் பத்திரமாக இருந்ததால்தான். ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது எந்த ஒரு பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு வைத்தார்களோ, அந்தப் பூச்சிதான் அந்தப் பெயருக்கு என்றைக்கும் சாட்சி. விலங்குகளுக்குப் பெயரிடுவதற்கான சர்வதேச விதிகளின்படி, 1999-க்குப் பிறகு வெளியாகும் எந்தப் புதிய இனப்பெயருக்கும் மூல மாதிரி எது என்று வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்றும் குறிப்பிட வேண்டும். 1957 முதல் 1960 வரை உலக மிரிட்டுகளின் முழுப் பட்டியலை வெளியிட்ட பிரேசில் அறிஞர் கார்வாலோ பணியாற்றிய ரியோ டி ஜெனிரோ தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2 இரவில் எரிந்தது. அங்கிருந்த பூச்சிச் சேகரிப்பின் பெரும்பகுதி சாம்பலானது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குப் பேச்சு வரவில்லை. எரிந்த மூல மாதிரியைத் திரும்பத் திருப்பிப் பார்க்க முடியாது. அதைப் பார்த்து யாரோ ஒருவர் வரைந்த படம் மட்டும் மிஞ்சும். அந்தப் படம் சரியான கோணத்தில் வரையப்பட்டிருக்க வேண்டும்.

தீ தேவையில்லை, அலட்சியம் போதும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். நான் படம் வரையப் போய்வந்த ஓர் ஆய்வகத்தில், விளக்குப் பொறியில் விழுந்தவற்றில் பெரிய அந்துப்பூச்சிகளையும் வண்டுகளையும் எடுத்துக்கொண்டு, மீதியை "மற்றவை" என்று எழுதிய குப்பிகளில் போட்டு வைப்பார்கள். ஆல்கஹால் வற்றிய பிறகு யாரும் ஊற்றவில்லை. அப்புறம் அலமாரி இடம் வேண்டும் என்று மொத்தமாகக் கொட்டிவிட்டார்கள். சல்லோப்ஸ் அளவுள்ள பூச்சிகள் எப்போதும் அந்த "மற்றவை"யில்தான் இருக்கும். அங்கே என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்பதே என் வருத்தம்.

சரி, உங்கள் பத்திரிகையிடம் நான் கேட்பது இதுதான். புதிய பூச்சியினம் பற்றிச் செய்தி வெளியிடும்போது, கண்டுபிடித்தவர் படத்தோடும் வண்ணப் புகைப்படத்தோடும் நிறுத்திக்கொள்ளாதீர்கள். அது எந்தப் பேரினம், எந்தத் துணைக்குடும்பம், அங்கே ஏன் வைத்தார்கள் என்று ஆய்வாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். மூல மாதிரி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று போடுங்கள். ஒரே ஒரு பூச்சியை வைத்துப் பெயர் வைத்தார்களா, நிறைய கிடைத்ததா, ஆணா பெண்ணா என்றும் ஒரு வரி போடலாம். எந்தச் செடியில் இருந்தது என்று கட்டாயம் கேளுங்கள். விளக்கில் வந்தது என்று பதில் வந்தால் அதையும் அப்படியே அச்சிடுங்கள். படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் அந்தச் செடியைத் தேடிப் போகலாம்.

பூச்சிகளைப் புகைப்படம் எடுக்கும் வாசகர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பூச்சியை எடுத்த கையோடு அது உட்கார்ந்திருந்த செடியின் இலையையும் பூவையும் தனியாக ஒரு படம் எடுத்துவிடுங்கள். மரப்பட்டையில் இருந்தால் பட்டையை, காளானில் இருந்தால் காளானை. இரவில் டார்ச் அடித்துப் பட்டைகளைப் பார்ப்பவர்கள் பெரிய கண்ணுள்ள ஒரு சின்ன நாவாய்ப்பூச்சியைக் கண்டால், பக்கத்தில் இறகில்லாத குஞ்சுகள் இருக்கின்றனவா என்று கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அனுமதியோடு சேகரிக்கிறவர்கள் குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனாவின் மை ஆல்கஹாலில் கரைந்து போய்விடும். இடம், தேதி, பெயர் எழுதிய பிறகு, நான்காவது வரியாகச் செடியின் பெயர். பெயர் தெரியாவிட்டால் ஓர் இலையைப் பறித்துக் காகிதத்துக்கு நடுவில் அழுத்தி, குப்பியின் எண்ணை அதில் எழுதி வையுங்கள். செடியியல் தெரிந்த யாரேனும் பிறகு பெயர் சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
பூச்சிப் படங்கள் வரைந்துவந்த உங்கள் வாசகர்